செம்பின் களிம்பு யாருடையது

ஜவளகிரியும் தளியும் தேன்கனிக்கோட்டையும் தமிழ்நாட்டு வெயிலுக்குள் அடங்காத ஊர்கள். அவை இருக்கும் ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கைவைக்க முடியாது. தளியை வெள்ளைக்காரர்கள் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே வசதியுள்ள பழைய வீடுகளில் வெந்நீருக்கென்று தனி ஏற்பாடு இருந்தது. மின்சார கீஸரும், மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டியும் வந்த பிறகு அந்த ஏற்பாடு கொல்லைப்புறத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போய்விட்டது. பாகம் பிரிக்கும்போதோ வீட்டை இடிக்கும்போதோ அது மறுபடி வெளியே வருகிறது: உருண்டையான செம்புப் பாத்திரம், நடுவில் ஒரு குழாய், அடியில் கருப்பு, கழுத்தில் பச்சை. இது என்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பழைய பாத்திரக் கடைக்காரரிடம் உடனடி விடை இருக்கிறது: இத்தனை கிலோ செம்பு. அந்த விடை பொய்யல்ல. ஆனால் அது பாத்திரத்தின் கறைகள் எல்லாவற்றையும் ஒரே அழுக்காக எண்ணிக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நிறுக்கிறது. ஒரு பொருளில் அதற்கே உரியது எது, அதன்மேல் வந்து ஏறியது எது என்பது மனிதன் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்ட மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட உதாரணமே செம்பும் அதன் களிம்பும்தான். கறைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த வெந்நீர் பாய்லரும் புரியும், அந்த உதாரணமும் புரியும் என்பது என் வாதம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, செங்கல்லும் மண்ணும் வைத்து அடுப்போடு சேர்த்தே கட்டிவிட்ட பெரிய செம்பு அண்டா. கன்னடம் பேசும் வீடுகளில் இதை ஹண்டே என்பார்கள். வாய் அகன்று, கழுத்து ஒடுங்கி, வயிறு உருண்டிருக்கும். அடுப்பு வாய் குளியலறைக்கு வெளிப்பக்கம் திறந்திருந்தால் விறகைக் கொல்லையில் நின்றே தள்ளலாம். உள்ளே குளிப்பவரின் கண்ணில் புகை ஏறாது. இன்னொன்று, கால் வைத்த உருளை பாய்லர். இதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் ஓடுகிறது. நெருப்பு அந்தக் குழாய்க்குள், தண்ணீர் அதைச் சுற்றி வெளியே. குழாயின் அடியில் இரும்புக் கம்பித் தட்டு, அதன் கீழே சாம்பல் விழ இடம். ரஷ்யர்களின் சமோவாரும் காஷ்மீரத்துச் சமோவாரும் இதே கணக்கில் ஆனவை. நெருப்பைத் தண்ணீரின் வயிற்றுக்குள் வைத்துவிட்டால் சூடு வீணாக வெளியே போகாது என்பதைப் பல தேசத்துக் கன்னார்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள். தண்ணீரை எடுக்கும் வழியிலும் இரண்டு விதம் உண்டு. சிலவற்றில் பக்கத்தில் பித்தளைக் குழாய் இருக்கும். சிலவற்றில் மேலே ஒரு புனல் இருக்கும். அதில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே மிதக்கும் சூடான நீரை மூக்கு வழியாக வெளியே தள்ளும். ஊற்றிய அளவுதான் வரும், ஆகவே பாய்லர் ஒருபோதும் வெறுமையாகாது. பக்கக் குழாய் உள்ளதிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது: குழாயை அடியில் வைக்காமல் நாலு விரற்கடை மேலே வைத்திருப்பார்கள். எவ்வளவு திறந்துவிட்டாலும் அடியில் கொஞ்சம் நீர் நிற்கும். நீர் இருக்கும்வரை உலோகம் கொதிநீரின் சூட்டைத் தாண்டி அதிகம் ஏறாது. நீர் வற்றிவிட்டால் எளிதில் உருகிவிடும் ஈயப் பற்று விட்டுப்போகும். செய்தவனுக்கு மறதிக்காரர்களைத் தெரிந்திருந்தது.

இதே உருவத்தில் டீக்கடை பாய்லரும் உண்டு. ஆகவே குளியலறைச் சாமான் எது, கடைச் சாமான் எது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பெயர்ப் பலகை எதுவும் இருக்காது. அதிகம் போனால், பாத்திரக் கடையில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள்: பெண்ணின் தலைப்பெழுத்து, சீர் கொடுத்தவர் பெயர், சில சமயம் தேதி. தகட்டின் இரு விளிம்பையும் பல் பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்த மூட்டு தெரிந்தால் அது கையால் செய்தது. சுத்தியல் தட்டிய பள்ளங்கள் சாய்வெளிச்சத்தில் வரிசையாகத் தெரியும். இவையெல்லாம் செய்தவன் வைத்த அடையாளங்கள். பயன்படுத்தியவர்கள் வைத்த அடையாளங்கள் வேறு. அவை முழுக்க முழுக்கக் கறைகள்தாம்.

நடுக்குழாய்க்குள் கைவிட்டுச் சுரண்டிப் பார்த்தால் என்ன வருகிறது என்பது முதல் சாட்சி. உலர்ந்த கரித்தூள் மெல்லியதாக வந்தால் அதில் அடுப்புக்கரி எரிந்திருக்கிறது. நாள் முழுதும் தணலாக நிற்க வேண்டிய டீக்கடைக்கு அதுதான் பொருத்தம். தார்போல மினுமினுத்து, உளி வைத்தால்தான் பெயரும் தடித்த புகைப்பற்று இருந்தால், சரியாகக் காயாத விறகும் தேங்காய் மட்டையும் எரிந்திருக்கின்றன. பட்டுப்பூச்சி வளர்க்கும் இந்தப் பக்கத்து வீடுகளில் இலை கழித்த மல்பெரிக் குச்சியும் அதோடு சேரும். அது வீட்டுப் பாய்லர். அடுத்த சாட்சி உள்ளே படிந்த வெள்ளை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, நீர் கொதிக்கும்போது கரைய முடியாமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவின் மேல் விளிம்பு, வழக்கமாக எந்த மட்டம்வரை நிரப்பினார்கள் என்று காட்டும். குழாய்க்குக் கீழே, ஒருபோதும் வெளியேறாத நீர் நின்ற இடத்தில் படிவு மிகத் தடிப்பாக இருக்கும். படிவே இல்லையென்றால் குளத்து நீரோ மழைநீரோதான் அதில் காய்ந்திருக்க வேண்டும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. பாட்டிக்குச் சீக்கிரம் கொதித்த பாய்லர் பேத்திக்குக் கொதிக்க ஏன் அத்தனை விறகு தின்றது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. மூன்றாவது கறை பச்சை. கழுத்து மடிப்பிலும் மூடியின் கீழும் காதுகளின் இடுக்கிலும் அது இருக்கும். நெருப்பு படாத, காற்றும் ஈரமும் தங்குகிற இடங்களில்தான் இருக்கும்.

இல்லாத நெருப்பை இருக்கும் கரியிலிருந்து அறிவது நம் மரபுக்குப் புதிய வேலையல்ல. மலையில் புகை கண்டு நெருப்பை அறிவதும், அதற்கு அடுக்களையை உதாரணம் காட்டுவதும் இந்தியத் தர்க்கத்தின் அரிச்சுவடி. மணிமேகலை இந்த அளவை இயலுக்கென்றே ஏறத்தாழ ஒரு முழுக் காதையைச் செலவிட்டிருக்கிறது. காரியத்தைக் கண்டு முடிந்துபோன காரணத்தை அறிவதை நியாய நூலார் தனி வகையாகவே வைத்தார்கள். ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே பெய்துவிட்ட மழையை அறிவது அவர்களுடைய உதாரணம். பாய்லரின் ஒவ்வொரு கறையும் அப்படிப்பட்ட வெள்ளம். ஆனால் வெள்ளம் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்பதுபோல, கறை யாரிடமிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். கரி விறகிலிருந்து வந்தது. வெள்ளைப் படிவு நீரிலிருந்து வந்தது. பச்சைக் களிம்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் கேள்வி கனக்கிறது.

சித்தாந்தத்தில் உயிருக்கு மூன்று மலங்கள்: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் கன்மமும் மாயையும் இடையில் வந்து சேர்பவை. ஆணவம் மட்டும் உயிர் என்று உண்டோ அன்றே உண்டு; ஆகவே அது சகசமலம், உடன்பிறந்த மலம். அதற்குக் காட்டும் உதாரணங்களில் முக்கியமானவை இரண்டு: நெல்லோடு கூடவே பிறக்கும் உமி, செம்போடு கூடவே இருக்கும் களிம்பு. 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டாரின் மரபில் இந்த உதாரணம் நிலைத்துவிட்டது. அதற்கு முந்திய திருமந்திரத்திலும் இறைவன் களிம்பை அறுப்பவனாகவே வருகிறான். அவர்கள் கரியை உதாரணமாக எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா வீட்டுப் பாத்திரத்திலும் கண்முன்னே இருந்தது கரிதான். கைக்கு எளிதில் கிடைத்த அதை விட்டுவிட்டு, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற களிம்பைத் தேர்ந்தார்கள். உயிரின் அடிப்படைக் குறை வெளியிலிருந்து பூசப்பட்டதல்ல என்று சொல்ல வேண்டியிருந்ததால், வெளியிலிருந்து பூசப்படாத ஒரு கறை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இதற்கு இன்றைய பள்ளி மாணவன் சொல்லக்கூடிய மறுப்பு எளியது, வலிமையானதும்கூட. களிம்பு செம்போடு பிறப்பதில்லை. காற்றிலுள்ள ஈரமும் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் கூட்டுப்பொருள் அது. காற்றுப் புகாமல் வைத்தால் செம்பில் களிம்பு ஏறாது. ஆகவே அதுவும் கரியைப்போல வந்து ஏறியதுதான், உதாரணம் உடைந்தது, அதன்மேல் நின்ற கொள்கையும் உடைந்தது என்பான். இந்த மறுப்பின் முதல் பாதியை மறுக்க வழியில்லை. புது வார்ப்பில் வந்த செம்புத் தகட்டுக்குள் எங்கேயும் பச்சை ஒளிந்திருக்கவில்லை. ஆனால் அதே கழுத்து மடிப்பில், அதே ஈரத்தில், அதே காற்றில் ஒரு பொன் வளையத்தை நூறு வருஷம் வைத்தாலும் பச்சை ஏறாது. காற்று இரண்டுக்கும் பொது. ஏறுவதும் ஏறாததும் காற்றின் வித்தியாசமல்ல, உலோகத்தின் வித்தியாசம். கறை வெளியிலிருந்து வந்தாலும் கறைக்கு இடம் கொடுக்கும் தன்மை உள்ளே இருக்கிறது. அந்தத் தன்மை எந்தத் தேதியிலும் வந்து சேர்ந்ததல்ல. இன்னும் ஒரு படி போனால் வேதியியல் பழைய ஆசிரியர்கள் பக்கமே சாய்கிறது. பூமியின் மேற்பரப்பை ஒட்டிக் கிடைக்கும் செம்புத் தாதுக்களில் ஒன்று மாலக்கைட் என்ற பச்சைக் கல். பாய்லரின் கழுத்தில் படியும் களிம்பின் முக்கியப் பொருளும் அதே சேர்மானம்தான். அந்தப் பச்சைக் கல்லைக் கரியோடு சேர்த்துத் தீயில் உருக்கித்தான் மனிதன் செம்பைப் பிரித்தெடுத்தான். ஆகவே களிம்பு ஏறுகிறது என்றால், தீயால் வலிந்து பிரிக்கப்பட்ட செம்பு தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிறது என்று பொருள். மினுக்கும் செம்புதான் முயற்சியால் நிற்கும் நிலை. பச்சை, முயற்சி நின்றதும் வரும் நிலை.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. நான் அறிந்தவரை பழைய நூல்களில் இது இந்த வடிவில் சொல்லப்படவில்லை. பாய்லரை வைத்து நானே சொல்வது. ஒரு கறை வந்ததா உள்ளதா என்று தெரிய வேண்டுமானால், பொருளைச் சும்மா விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். பாய்லரை ஒரு நாள் மூட்டிவிட்டு நிறுத்துங்கள். அதன் சூடு சில மணி நேரத்தில் தானாகப் போய்விடும். கரி போகாது, ஆனால் கூடவும் கூடாது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அன்று இருந்த கரிதான் இருக்கும். வெள்ளைப் படிவும் அப்படியே. களிம்பு மட்டும் சும்மா இருக்கும்போது வளர்கிறது. தினமும் மூட்டி, தினமும் துடைத்த பாய்லரில் பச்சை குறைவு. கொட்டகை மூலையில் யாரும் தொடாமல் கிடந்ததில்தான் அது செழித்திருக்கிறது. விட்டால் போவது விருந்தாளி, விட்டால் அப்படியே கிடப்பது பூச்சு, விட்டால் வளர்வதற்கு வேர் உள்ளே இருக்கிறது. மனிதக் குறைகளையும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். கோபம் பெரும்பாலும் சூட்டைப்போல, மூட்டியவன் போனால் ஆறிவிடும். கெட்ட பழக்கம் கரியைப்போல, தினமும் எரித்ததால் படிந்தது. ‘நான்’ என்கிற இருள் இவை இரண்டையும் போலில்லை. அதற்கு விறகு வேண்டாம், நீர் வேண்டாம். ஒருவனைத் தனியே, எந்தத் தூண்டுதலும் இல்லாமல் உட்கார வைத்தால் அது தழைக்கும். சித்தாந்தத்தில் ஆணவம் என்பது செருக்கு மட்டுமல்ல, அறிவையே மறைக்கும் இருள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். செருக்கு அந்த இருளின் வெளியே தெரியும் பச்சை.

அத்வைதி இங்கே குறுக்கிடுவார். அவர் பாய்லருக்குள் இருக்கும் நீரைக் காட்டுவார். 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம், நீரின் இயல்பு குளிர்ந்த தொடுவுணர்வு என்றே இலக்கணம் சொல்கிறது. வெந்நீரில் நாம் உணரும் சூடு நீருடையதல்ல, நெருப்பினுடையது, நெருப்போடு சேர்ந்ததால் நீருடையதுபோலத் தோன்றுகிறது. ஆன்மாவின் மேல் காணும் கறையும் அப்படியே ஏற்றிக் காண்பது, உண்மையில் அதற்கும் ஆன்மாவுக்கும் சம்பந்தமில்லை என்பது அத்வைதியின் நிலை. வெந்நீர் உதாரணம் அழகானது, வெந்நீருக்குச் சரியானதும்கூட. சிரமம் எங்கே என்றால், சும்மா விட்டால் வெந்நீர் குளிர்ந்துவிடுகிறது. சும்மா விட்ட மனிதன் தெளிந்துவிடுவதில்லை. அறியாமை சூட்டைப்போல ஏற்றப்பட்டது மட்டும்தான் என்றால், ஏற்றுவது நின்றதும் அது தானே இறங்க வேண்டும். அறியாமை அநாதியானது, ஞானம் வந்தால்தான் போகும் என்று அத்வைதி பதில் சொல்வார். அப்படியானால் அது வெந்நீரின் சூடு அல்ல, அவரே செம்பின் பக்கம் வந்துவிட்டார். ஒரே பாய்லரில் நீரின் சூடும் உண்டு, செம்பின் களிம்பும் உண்டு. இரண்டு உதாரணமும் உண்மை. உயிரின் குறை இரண்டில் எதைப்போல நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி. அது நடந்துகொள்ளும் விதம் களிம்பின் விதம்.

வேர் உள்ளே என்றால் விடுதலை ஏது என்பது அடுத்த மறுப்பு. என் மனத்தில் இதுவே பெரியது. செம்பு செம்பாக இருக்கும்வரை களிம்பு ஏறும் தன்மை போகாதென்றால், துலக்குவது வீண் உழைப்பாகிவிடும். மரபின் ஒரு விடை ரசகுளிகை: இரசவாதியின் குளிகை பட்டதும் செம்பு பொன்னாகிவிடும், களிம்பு ஏறும் தன்மையே ஒழியும். இந்த உதாரணத்தை இன்று என்னால் ஏற்க முடியவில்லை. செம்பு குளிகையால் பொன்னாவதில்லை. நடக்காத ஒன்றை வைத்து நடக்க வேண்டிய ஒன்றை விளக்கக் கூடாது. ஆனால் சித்தாந்தத்தின் சொந்தக் கொள்கைக்கு இந்தக் குளிகை தேவையுமில்லை. முத்தியில் ஆணவம் அழிந்துபோவதாக அது சொல்லவில்லை. ஆணவம் இருக்கும், அதன் மறைக்கும் சக்தி மட்டும் கெடும் என்கிறது. இதற்குப் பொருத்தமான உதாரணம் தெருவிலேயே இருந்தது: ஈயம் பூசுவது.

சமையல் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தரையில் குழி தோண்டி, கரித்தணலுக்குத் துருத்தி வைத்து ஊதுவார். பாத்திரத்தை முதலில் மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பழைய கறையை எடுத்துவிட்டு, தணலின்மேல் இடுக்கியால் பிடித்துச் சுழற்றிச் சூடேற்றுவார். சூடேறியதும் நவச்சாரத் தூளைத் தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும், அந்த இடம் பளிச்சென்று வெளுக்கும். அந்த நொடியில் வெள்ளீயக் குச்சியைத் தொட்டால் அது உருகி ஓடும்; பஞ்சாலோ துணியாலோ ஒரே வீச்சில் துடைத்துப் பரப்பிவிடுவார். நவச்சாரம் தூவாமல் ஈயம் ஒட்டாது, ஏனென்றால் கறையின்மேல் ஈயம் பிடிப்பதில்லை. தூவிவிட்டுத் தாமதித்தாலும் ஒட்டாது, ஏனென்றால் சூடான செம்பு மறுபடி காற்றோடு சேர்ந்து கறுத்துவிடும். இப்படி ஈயம் பூசிய பாத்திரத்துக்குள் செம்பு செம்பாகவே இருக்கிறது. களிம்பு ஏறும் அதன் தன்மையில் ஓர் அணுவும் குறையவில்லை. ஆனால் ஈயம் இருக்கும்வரை அந்தத் தன்மைக்கு வேலை இல்லை. புளிக்குழம்பு வைத்தாலும் நஞ்சு இறங்காது. சக்தி கெடுதல் என்று சித்தாந்தம் சொல்வதை இதைவிடத் தெளிவாக எந்தக் குளிகையும் காட்டாது. ஈயம் தேயுமே, சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டுமே, இறைவனின் அருளும் அப்படித் தேய்ந்துபோகுமா என்று கேட்கலாம். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தை, அதாவது கடைசிச் சூத்திரத்தை, இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும். உண்மையை உணர்ந்தவனுக்கும் அங்கே வேலை மிச்சம் இருக்கிறது: மலத்தைக் கழுவிக்கொண்டு, அன்பரோடு கூடி, திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழ வேண்டும். அருள் தேய்வதால் அல்ல, உள்ளே செம்பு இன்னும் இருப்பதால்.

குளியல் பாய்லருக்குப் பெரும்பாலும் ஈயம் பூசுவதில்லை. அந்த நீரை யாரும் குடிப்பதில்லை. அதற்கு உரியது துலக்குவதுதான். துலக்குவதற்கு ஒரு நாளும் இருக்கிறது. நரக சதுர்த்தசிக்கு முதல் நாள் மாலையைக் கன்னட வழக்கில் நீர் நிரப்பும் பண்டிகையாகவே கொண்டாடுகிறார்கள். ஹண்டேயைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, சுண்ணாம்பும் காவியும் இட்டு, கழுத்தில் கொடி சுற்றி, நீர் நிரப்பிப் பூசை செய்கிறார்கள். மறுநாள் விடியுமுன் அந்த நீரில் எண்ணெய்க் குளியல். தமிழ் வீடுகளில் அதே வெந்நீர்க் குளியலைக் கங்கா ஸ்நானம் என்கிறார்கள். வருஷம் முழுதும் கரி பிடித்த பாத்திரத்துக்குள் கங்கையை அழைக்கிறோமே என்று யாரும் கூசுவதில்லை; ஓசூர் எல்லையில் மூன்று மொழி பேசும் வீடுகளும் இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றன. மறுநாளே கரி மறுபடி பிடிக்கும் என்று தெரிந்தும் துலக்குகிறார்கள். புளியின் வேலை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. அதிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. கரைத்த பிறகு நன்றாகக் கழுவாமல் விட்டால் அதே அமிலம் செம்பைத் தின்று புதுக் களிம்பை உண்டாக்கும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவம் வண்ணானை உதாரணம் காட்டுகிறார்: துணியின் அழுக்கைப் போக்க அவன் சாணியையும் உவர்மண்ணையும் போடுகிறான், அவையும் அழுக்குதான், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அலசிவிடுகிறான். உடலும் உலகமும் வினையும் அப்படிப்பட்ட சாணியும் உவரும். புளியைப் பூசிவிட்டு அலச மறந்தவர்கள் சமய வாழ்க்கையிலும் உண்டு. நோன்பும் ஆசாரமும் தன்னைக் கரைப்பதற்கென்று வந்தவை. அவற்றையே பெருமையாகச் சுமப்பவனின் மேல் புதிய பச்சை ஏறிக்கொண்டிருக்கிறது.

பிறப்பிலேயே கறை என்று சொல்லும் எந்தக் கொள்கையையும் இந்த நாட்டில் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். சிலரைப் பிறவியிலேயே தீட்டு என்று தள்ளிவைத்த வரலாறு நமக்கு இருக்கிறது, இன்றும் முடிந்துவிடவில்லை. பாய்லரை மூட்டியவர்கள், கரியைச் சுரண்டியவர்கள், ஈயம் பூசியவர்கள் எல்லோரும் கையில் கறை பட்ட காரணத்துக்காகத் தாழ்த்தப்பட்டவர்கள். வீட்டுக்குள்ளே அந்தச் செம்பை வருஷா வருஷம் தேய்த்த பெண்களின் பெயர் பாத்திரத்தில் வெட்டப்பட்டிருக்கும், சொத்துப் பத்திரத்தில் இருக்காது. ஆணவம் சகசம் என்ற கொள்கை இந்த அநியாயத்துக்குத் துணை போகாதா? போகாது என்பது மட்டுமல்ல, நேர்மையாகப் படித்தால் அதற்கு எதிராக நிற்கும். தீட்டுக் கொள்கை கறையை மனிதருக்குள் பங்கு போடுகிறது: அவருக்கு உண்டு, எனக்கு இல்லை. சகசமலம் பங்கு போட முடியாதது. ஓசூர் மலைமேல் சந்திரசூடேஸ்வரருக்கு அபிஷேகம் செய்யும் செம்புக் குடத்துக்கும் ஜவளகிரிக் கொட்டகையில் கிடக்கும் ஹண்டேக்கும் களிம்பு ஏறும் தன்மை ஒன்றுதான். கரியில் வித்தியாசம் உண்டு, ஏனென்றால் ஒன்று அடுப்பில் வேலை செய்தது, மற்றொன்று செய்யவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள்மேல் காட்டிய கறையெல்லாம் உழைப்பின் கரி. தாழ்த்தியவர்களுக்குள் இருந்ததுதான் சும்மா இருக்கும்போது வளரும் பச்சை. இந்தக் கொள்கையைப் போற்றிய மடங்களும் சாதியைக் காத்துவந்தன என்று வரலாறு தெரிந்தவர் சொல்வார். உண்மை. தாங்கள் எடுத்த உதாரணத்தின் முழு நீளத்துக்கும் அவர்கள் நடந்து போகவில்லை. அது உதாரணத்தின் குற்றமல்ல.

கறைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டால் பழைய பாய்லரை என்ன செய்ய வேண்டும் என்பதும் மாறுகிறது. அதை வரவேற்பறையில் வைக்க விரும்புகிறவர்கள் முதலில் பாலிஷ் போடக் கொடுக்கிறார்கள். சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் கரியும் படிவும் களிம்பும் போவதோடு சுத்தியல் பள்ளங்களும், புள்ளி வைத்து வெட்டிய எழுத்துகளும் மழுங்கிவிடும். கறையோடு சேர்த்து உரியதும் போய்விடும். மாறாக, எதையும் தொடாமல் பழமை என்று வைத்திருந்தால் களிம்பு மூட்டுகளைத் தின்னும். கறை யாருடையது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவம் கிடைக்கிறது. குழாய்க்குள் உள்ள தார்ப்பற்றை எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மறுபடி மூட்டும்போது அதுவே தீப்பிடிக்கும். வெள்ளைப் படிவைப் புளித்த நீரோ வினிகரோ ஊற்றி ஊறவைத்து இளக்கலாம், உடனே அலச வேண்டும். சில சமயம் ஓட்டையை அடைத்து நிற்பதே அந்தப் படிவாக இருக்கும், ஆகவே எடுத்த பிறகு ஒரு நாள் குளிர்ந்த நீர் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். மேலேயுள்ள நீராவித் துளையையோ மூக்கையோ எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. இது அழுத்தம் தாங்கச் செய்ததல்ல. 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் கண்காணித்தது அழுத்தத்தோடு நீராவி உண்டாக்கும் மூடிய கலங்களை, வாய் திறந்த இந்த வீட்டுச் சாமானை அல்ல. களிம்புக்குச் செய்ய வேண்டியது ஒரு முறை செய்து முடிப்பதல்ல: துடைப்பது, உலர்த்துவது, அடிக்கடி கையில் எடுப்பது.

செம்பு உதாரணம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். செம்பு தன்னைத் தானே துலக்காது. யாரோ ஒருவர் புளியோடு வர வேண்டும். உயிரும் தன் மலத்தைத் தானாக அறுத்துக்கொள்ள முடியாது, அருள் வேண்டும் என்று சித்தாந்தம் சொல்வதற்கு இதுவரை உதாரணம் உடன்படுகிறது. ஆனால் தன்மேல் பச்சை ஏறியிருப்பது செம்புக்குத் தெரியாது, அதற்காக அது வருந்துவதுமில்லை. உயிருக்குத் தெரியும், முழுதாகத் தெரியாவிட்டாலும் ஏதோ மறைக்கிறது என்ற அளவுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் எங்கிருந்து வருகிறது, உயிரின் சொந்த அறிவா, முன்பே வந்து நிற்கும் அருளா என்பதில் ஆசிரியர்கள் வெகுதூரம் விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குப் பாய்லரிடம் சாட்சி கேட்க முடியாது. சார்ந்ததன் வண்ணமாகும் பளிங்கையும், ஒளி வந்தால்தான் காணும் கண்ணையும் அவர்கள் உதாரணத்துக்கு எடுத்தது அதனால்தான்.